நாங்க காஞ்சிருவோம் சார்!

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற தேசிய நெடுஞ்சாலையில், ஊர்ச் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் சானமாவு வரும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சாலையோரமாகக் கொஞ்ச தூரம் கூடவே வருகிற ஒரு காடு. அவ்வளவுதான். ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் சூளகிரி தாண்டியிருக்கும்.

இறங்கி நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு விசித்திரமான இடம் என்று தெரியும். ஒரு பக்கம், பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக, வருஷா வருஷம் ராகி முற்றுகிற சமயம் பார்த்து யானைகள் வந்து தங்கிவிட்டுப் போகிற காப்புக்காடு. இன்னொரு பக்கம், கூப்பிடு தூரத்தில் ஓசூர் தொழிற்பேட்டை. 1980-களின் தொடக்கத்தில் மொபெட்டும் லாரியும் செய்த ஊர், அதற்கப்புறம் கைக்கடிகாரம் செய்தது. இப்போது அந்த வட்டாரம் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. ஐபோனுக்கு உலோகக் கூடு செய்கிறது.

கைக்கடிகாரம், ஸ்கூட்டர், செல்போன். மூன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு நமக்கு எதையோ காட்டிக்கொண்டே இருக்கிற முகம். அந்த முகம் நனையக் கூடாது என்பது மூன்றையும் செய்கிறவர்களுக்குப் பொதுவான கவலை.

இந்த வாரம் அந்தக் கவலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 'எலெக்ட்ரானிக்ஸ் பாடமா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கூடவே வாருங்கள். சுற்றிச் சுற்றி இது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரப்போகிறது.

மழைக்காலத்தில் பைக் ஓட்டுகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்பீடாமீட்டர் கண்ணாடியில் மூட்டம் போட்டிருக்கும். விரலால் துடைத்துப் பார்ப்போம். போகாது. காரணம், மூட்டம் உள்பக்கம் இருக்கிறது. அந்தக் காலத்து பைக்கில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. உள்ளே ஒரு முள்தானே? அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது ஓசூர் பக்கம் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களில் 7 அங்குல டச் ஸ்கிரீன் வைத்தே விற்கிறார்கள். எவ்வளவு சார்ஜ் மிச்சம், எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், யார் கூப்பிடுகிறார்கள் என்று எல்லாம் அதில்தான் தெரிகிறது. நம் வீட்டு டி.வி. கூரைக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த டி.வி. மொட்டை வெயிலில் காய்கிறது, அடைமழையில் நனைகிறது, லாரி கிளப்புகிற புழுதியைத் தின்கிறது. சர்வீசுக்கு விட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். போதாததற்கு ஒரு தொல்லை. டச் ஸ்கிரீன் எப்படி வேலை செய்கிறது? விரல் பட்டதும் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற மின்புலம் லேசாக மாறும். அதை வைத்துத் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும். மழைத்துளி விழுந்தாலும் அந்த மின்புலம் மாறும். துளியையும் விரல் என்று நினைத்துக்கொண்டு திரை தானாகவே எதையாவது திறக்கும், மூடும். விரல் எது, துளி எது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதே பெரிய வேலை.

கைக்கடிகாரம் சின்னப் பொருள்தானே, சுலபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2002-ல் ஓசூரில் பிறந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடுகிற இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அத்தனை ஒல்லியான உடம்புக்குள் தண்ணீர் புகாதபடி அடைத்தார்கள், 30 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்கு. ('30 மீட்டர்' என்று போட்டிருக்கிறதே என்று கடிகாரத்தோடு கிணற்றில் குதித்துவிடாதீர்கள். அது பரிசோதனைக்கூடத்தில் அசையாமல் வைத்து அளந்த அழுத்தம். நடைமுறையில் மழைக்கும் கை கழுவுவதற்கும்தான் தாங்கும்.)

இதையெல்லாம் செய்கிற எஞ்சினியர் வேலையை எங்கே ஆரம்பிக்கிறார் தெரியுமா? 'இந்தப் பொருள் எங்கே நிற்கப்போகிறது?' என்ற கேள்வியில். படுக்கையறையிலா, பட்டறையிலா? கடற்கரையிலா, மலையிலா? நிழலிலா, வெயிலிலா? பதில் தெரிந்த பிறகுதான் என்ன கண்ணாடி, என்ன பசை, எத்தனை ரப்பர் வளையம் என்பதெல்லாம்.

அதற்கு உலகம் முழுக்க ஒரு பொது மொழியே வைத்திருக்கிறார்கள். போன் அட்டைப்பெட்டியில் 'ஐ.பி. 67' என்று பார்த்திருப்பீர்கள். முதல் எண் தூசிக்கு. 0-வில் தொடங்கி 6 வரை போகும். 6 என்றால் தூசி உள்ளே போகவே போகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 5 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும்.

சும்மா நம்பிவிடுவதும் இல்லை. சில பொருள்களை 85 டிகிரி சூட்டில், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்து வாட்டுகிறார்கள். கிட்டத்தட்ட 42 நாள், ராத்திரி பகல் பாராமல். இன்னொரு அறையில் உப்புத் தண்ணீரைப் புகை மாதிரி தூவுகிறார்கள். கடற்கரைக் காற்று வருஷக்கணக்கில் செய்கிற அட்டூழியத்தைச் சீக்கிரமாகப் பார்த்துவிடுவதற்காக. 1939-லிருந்தே இதற்கு எழுதிவைத்த விதிமுறை இருக்கிறது.

இதில் என்னை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. இந்தச் சோதனைகளில் ஒரு டிஸ்ப்ளே செத்துப்போனால் யாரும் அந்த டிஸ்ப்ளேயைத் திட்டுவதில்லை. 'உனக்கு மன உறுதி பத்தாது' என்று சொல்வதில்லை. 'உங்க தாத்தா காலத்து டிஸ்ப்ளே எல்லாம் எப்படித் தாங்குச்சு தெரியுமா?' என்று கேட்பதில்லை. பிரித்துப் பார்க்கிறார்கள். எங்கே கசிந்தது? எந்த வளையம் விலகியது? தப்பு செய்தவன் எங்கே என்று தேடினால் விரல் வடிவமைப்பாளர் பக்கம்தான் நீளும். நனைந்தவன் பக்கம் நீளாது.

இப்போது சானமாவுக்கே திரும்பிப் போவோம்.

அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் பேச்சுக் கொடுத்தபோது, ராகிக்குக் காவல் இருக்கிற ஒரு பெரியவர் கிடைத்தார். யானைக் கூட்டம் காட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறை சுற்றுக் கிராமங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும். ராத்திரி வெளியே வராதீர்கள், வயலில் காவல் படுக்காதீர்கள் என்று. சரியான எச்சரிக்கைதான். ஆனால் ஒரு ராத்திரியில் வயல் காலி என்றால் ஒரு வருஷத்து உழைப்பு காலி. ஆகவே டார்ச்சும் பட்டாசுமாகப் போகிறார்கள். பனியில், தூறலில், மரத்து மேல் கட்டிய பரணில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. பாலிதீன் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு, அவ்வளவு பத்திரமாக.

"என்னங்க, போனுக்கு இவ்வளவு பந்தோபஸ்து?" என்றேன்.

"யானை எங்க நிக்குதுன்னு இதுலதான் சார் தகவல் வரும். நனைஞ்சா போச்சு. யாரு வாங்கித் தர்றது?"

"சரி, நீங்க நனைஞ்சா?"

சிரித்துவிட்டார். "நாங்க காஞ்சிருவோம் சார்!"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நல்ல நகைச்சுவை. ஆனால் அந்தச் சிரிப்பு பஸ் ஏறின பிறகும் கூடவே வந்தது. அந்த மனிதருடைய சட்டைக்குள்ளேயே இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்றுக்கு உலகமெல்லாம் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு எண் உண்டு. இன்னொன்றுக்கு எண் கிடையாது.

இது சானமாவில் மட்டுமா நடக்கிறது? உங்கள் தெருவைப் பாருங்கள். கொட்டுகிற மழையில் ஒரு பையன் டெலிவரிக்கு வருகிறான். வண்டி ஹேண்டில்பாரில் போன், தண்ணீர் புகாத உறைக்குள். முதுகில் சாப்பாட்டுப் பெட்டி, சூடு ஆறாத உறைக்குள். போன் காய்ந்திருக்கிறது. பிரியாணி காய்ந்திருக்கிறது. பையன் தொப்பலாக நனைந்திருக்கிறான். இந்த வரிசையில் யாருக்கு உறை வேண்டும் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போனுக்கு விலை உண்டு, பிரியாணிக்கு பில் உண்டு. நனைகிற மனிதனுக்கு யாரும் பில் போடுவதில்லை. 'காஞ்சிரும்' என்று அவனும் சொல்கிறான், நாமும் நம்புகிறோம்.

காய்ந்துவிட்டால் சரியாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு போனிடமே பதில் இருக்கிறது.

போன் தண்ணீரில் விழுந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? அரிசி டப்பாவைத் தேடுவோம். அது பிரயோஜனமில்லை, அரிசித் துகள் உள்ளே போய் இன்னும் கெடுக்கும், அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் சொல்லிவிட்டது. சரி, உண்மையில் போனைக் கொல்வது எது? வெறும் தண்ணீர் இல்லை. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. குழாய்த் தண்ணீர், வியர்வை, கடல் நீர் இவற்றில் எல்லாம் உப்பு கரைந்திருக்கிறது. உள்ளே ஈரம் இருக்கும்போதே மின்சாரம் ஓடினால், ஒரு கம்பியிலிருந்து உலோகம் கரைந்து பக்கத்துக் கம்பி வரைக்கும் மெல்லிய வேர் மாதிரி வளர்ந்துகொண்டே போகும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. அதனால்தான் விஷயம் தெரிந்த மெக்கானிக் முதலில் 'ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க' என்று கத்துவார்.

கவனியுங்கள். நனைந்ததைவிட, நனைந்திருக்கும்போதே வேலை வாங்கியதுதான் பெரிய கொலை.

அப்புறம் காய்ந்துவிடுகிறது. வாஸ்தவம். ஆனால் தண்ணீர்தான் ஆவியாகப் போகும். உப்பு போகாது. அது உள்ளேயே படிந்து உட்கார்ந்துகொள்ளும். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், மறுபடி அரிக்கத் தொடங்கும். நாலு மாசம் கழித்து ஒரு நாள் காரணமே இல்லாமல் போன் செத்துப்போகும். 'நல்லாத்தானே இருந்துச்சு!' என்போம்.

மனிதர்களைப் பற்றியும் அதே வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். 'நல்லாத்தானே இருந்தாரு!' அப்பா இறந்து நாலாம் நாளே ஆபீசுக்கு வந்து கணக்கு முடித்துக் கொடுத்தவர். பிரசவம் ஆன சூட்டோடு வேலைக்குத் திரும்பினவர். ராத்திரி பூராவும் பரணில் இருந்துவிட்டுக் காலையில் ஏர் பிடிக்கப் போனவர். இவர்கள் எல்லோரும் காய்ந்துவிட்டதாகத்தான் வெளியே தெரிந்தது. பல போன்களுக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். இந்த போன் எப்போதோ நனைந்தது என்பதற்குச் சாட்சி. பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்கு அப்படி ஸ்டிக்கர் கிடையாது. உள்ளே நனைந்திருக்கிறாரா என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் கேட்பதில்லை.

ஜவுளிக்கடைக்குப் போகிறோம். நாற்பது புடவை எடுத்துப் போடச் சொல்லி ஒன்றை வாங்குகிறோம். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தார் என்பது நம் கண்ணில் படவே இல்லை. நரம்பு சுருண்டு, கால் வீங்கிப்போனால், 'உடம்பு ஒத்துக்கலை' என்று சொல்லி வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். நின்றவருடைய குற்றம்! கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் உட்காருகிற உரிமைக்காகவே போராடினார்கள். கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும், வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். எவ்வளவு சாதாரண விஷயம்! ஒரு நாற்காலி. 'இவர் எங்கே நிற்கப்போகிறார்?' என்ற கேள்வியைக் கேட்பதற்கு நமக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

'அதெல்லாம் சரி, மனுஷன் என்ன கண்ணாடியா? வெயிலும் மழையும் பட்டால்தானே உரம் ஏறும்? பொத்திப் பொத்தி வளர்த்தால் உருப்படுவானா?' என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. நழுவ முடியாத கேள்வி.

மனிதன் கண்ணாடி இல்லைதான். சோதனைக்கு உட்பட்டால் கண்ணாடி உரம் பெறாது. மனிதன் பெறுவான். எடை தூக்கினால் தசை வளரும். தோற்றால் விவேகம் வளரும். இதை மறுக்க மாட்டேன். ஆனால் தசை வளர்வது எடை தூக்கும்போது இல்லை, தூக்கி முடித்து ஓய்வெடுக்கும்போது என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர்கள் சொல்வார்கள். அந்த ஐ.பி. 67 சோதனையை மறுபடி பாருங்கள். ஒரு மீட்டர் தண்ணீர், 30 நிமிடம். முப்பதாவது நிமிடம் முடிந்ததும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். சோதனை என்று சொன்னால் அதற்கு ஒரு கடிகாரம் இருக்க வேண்டும். எப்போது முடியும் என்று நனைகிறவனுக்குத் தெரிய வேண்டும். கடிகாரம் இல்லாமல் தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருப்பதை உரமேற்றுவது என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு பெயர்.

பரணில் இருக்கிற பெரியவர் யானையைக் கண்டு பயப்படாதவர். அந்தத் தைரியம் பனியில் நனைந்ததால் வந்ததாகவே இருக்கட்டும். இத்தனை வருஷம் நனைந்ததில் போதுமான உரம் ஏறிவிட்டது. இனிமேலும் எதற்கு?

கேள்வியின் இன்னொரு பாதியும் உண்மை. பொத்திப் பொத்தி வைப்பது காப்பாற்றாது. இதையும் டிஸ்ப்ளேக்காரர்கள் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு பெட்டியைச் சுற்றிலும் இறுக்கமாக அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். வெயிலில் நிற்கும்போது உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிகிறது. எங்கேயாவது ஓர் இண்டு இடுக்கில் கொஞ்சம் வெளியேறுகிறது. திடீரென்று மழை. பெட்டி சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்குகிறது. சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வெளியே என்ன இருக்கிறது? தண்ணீர்! இறுக்கி அடைத்த பெட்டியே தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிறது. குடித்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகப் படிகிறது. பைக் ஸ்பீடாமீட்டரில் நாம் பார்த்த மூட்டத்தில் பாதிக் கதை இதுதான்.

இதற்கு என்ன வழி கண்டுபிடித்தார்கள்? ஓட்டை போட்டார்கள். ஆமாம், தண்ணீர் புகக் கூடாத பெட்டியில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை. அதன்மேல் ஒரு படலம் ஒட்டினார்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானை இழுத்து விரித்துச் செய்த படலம். அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் 1969-ல் கண்டுபிடித்தது. அதில் இருக்கிற துளைகள் வழியாகக் காற்று போகும், வரும். நீராவியும் போகும். தண்ணீர்த் துளி மட்டும் போகாது. இன்றைக்கு வண்டி ஹெட்லைட்டிலிருந்து போன் வரை இந்த மாதிரி படலம் ஒளிந்திருக்கிறது. சில டிஸ்ப்ளேக்களில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றே இல்லாமல் தெளிவான பசையை நிரப்பிவிடுவதும் உண்டு. இடைவெளி இருந்தால்தானே மூட்டம் போடும்?

பாப் கோரைக் கேட்காமலே நம் பாட்டிகள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். எலுமிச்சங்காய் ஊறுகாயை ஜாடியில் போட்டு, வெயிலில் வைக்கும்போது மூடி போட்டு இறுக்க மாட்டார்கள். வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டுவார்கள். ஈ வராது, தூசி விழாது, ஈரம் மட்டும் வெளியே போகும். மூடி போட்டால் என்ன ஆகும்? மூடியின் அடியில் வேர்த்து, அந்தத் தண்ணீரே சொட்டி ஊறுகாயில் பூஞ்சை பூத்துவிடும். கெடுத்தது வெளியிலிருந்து வந்த எதுவும் இல்லை. உள்ளே இருந்து வெளியே போக முடியாததுதான் கெடுத்தது.

பிள்ளைகளைப் பொத்தி வளர்க்கிற அப்பா அம்மாவுக்கு இந்த ஜாடியைத்தான் காட்டுவேன். பையனுக்கு போனில்லை, பொண்ணுக்கு வெளியே போக அனுமதியில்லை, நண்பர்கள் இல்லை, தப்பான வார்த்தை காதில் விழவில்லை. எல்லாம் அடைத்தாகிவிட்டது. நல்லது. உள்ளே இருக்கிற பயம், வருத்தம், கோபம் இதெல்லாம் வெளியே வர எந்த வழி வைத்திருக்கிறீர்கள்? 'இன்னிக்கு ஸ்கூல்ல ஒரு மாதிரியா இருந்துச்சும்மா' என்று அவன் ஆரம்பிக்கும்போது, 'முதல்ல ஹோம் ஒர்க்கை முடி' என்றால் மூடி இறுகிவிட்டது. திட்டு விழாது என்று நம்பி அவன் வந்து சொல்லக்கூடிய ஒரு காது வீட்டில் இருந்தால், அதுதான் வேடு கட்டின துணி.

ஆக, நனையட்டும் என்று விட்டுவிடுவதும் தப்பு, மூச்சுவிட இடமில்லாமல் அடைப்பதும் தப்பு. பார்க்கப்போனால் இரண்டும் ஒரே தப்புதான். இரண்டிலும் நாம் அந்த ஆளைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவதாக இன்னொரு தப்பு உண்டு. காப்பாற்றுவதாகச் சொல்லிவிட்டுக் கைவிடுவது. போனை நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டு, கடலில் முக்கி விளம்பரம் செய்தார்கள். அப்படி நனைந்த போனின் சார்ஜ் போடுகிற வாய், ஈரம் காய்வதற்குள் சார்ஜ் போட்டால் அரித்துப்போகக் கூடும் என்பதைச் சொல்லவில்லை. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-ல் சாம்சங் நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீரால் கெட்டால் வாரண்டி கிடையாது என்று சொன்னதும் சேர்ந்து, இத்தாலியில் 2020-ல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விழுந்தது. 'எதுவானாலும் நாங்க இருக்கோம்' என்று கல்யாணத்தில், நண்பர் வீட்டில், வேலைக்குச் சேர்க்கும்போது எத்தனை பேர் சொல்கிறோம்! நிஜமாகவே அவர் நனைந்து வந்து நிற்கிற அன்றைக்கு, அடிக்குறிப்பில் இருக்கிற நிபந்தனைகளைப் படித்துக் காட்டுகிறோம். அதற்கு அபராதம் போட நீதிமன்றம் இல்லை என்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏமாற்றமாக மட்டும் முடிக்க விரும்பவில்லை. நல்லதும் நடக்கிறது. டெலிவரி ஊழியர்கள் போன்றவர்களுக்காக 2023-ல் தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி அவர்கள் உட்கார்ந்து இளைப்பாறக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. வெயிலில் அலைகிறவனுக்குக் கொஞ்ச நேரம் 'ஆஃப்' ஆகிக்கொள்ள ஓர் இடம். தேவைக்கு முன்னால் இது சின்ன விஷயம்தான். ஆனால் கேள்வி சரியான இடத்தில் ஆரம்பித்திருக்கிறது.

அந்தக் கேள்வியை உங்களிடமும் விட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் முதலாளியாக இருக்கலாம். மேனேஜராக இருக்கலாம். மாமியாராக, மருமகனாக, அபார்ட்மென்ட் செயலாளராக இருக்கலாம். யாரோ ஒருத்தர் உங்களுக்காக எங்கேயோ நிற்கிறார். வாட்ச்மேன் எங்கே நிற்கிறார், அவர் தலைக்கு மேல் என்ன இருக்கிறது? வீட்டு வேலை செய்கிற அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? ஓசூர் எஞ்சினியர் ஓர் ஏழு அங்குலக் கண்ணாடிக்காகக் கேட்கிற கேள்வியை ஐந்தடி மனிதருக்காக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மழைக்கு உங்கள் வாசலில் பார்சலோடு ஒரு பையன் வந்து நிற்பான். பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வந்திருப்பான். உள்ளே வந்து நிற்கச் சொல்லுங்கள். துவட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுங்கள். "பரவால்ல சார், காஞ்சிரும்" என்பான்.

நம்பாதீர்கள்.